‘குரல் கொடுத்தவர்’ வேண்டாம் என்றால் வேறு என்ன எழுதுவது?

மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்காகப் பல வருசம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த அவருடைய சின்னம்மாவுக்கு ஊரில் பாராட்டு விழா வைக்கிறார்களாம். பாராட்டு மடல் எழுதும் வேலை இவர் தலையில் விழுந்திருக்கிறது. “பெண்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர்” என்று எழுதியதைப் படித்த அப்பா, “உன் சின்னம்மா என்ன சினிமாவுல டப்பிங்கா பேசுச்சு?” என்று கேட்டுவிட்டாராம். ‘ஆதரித்தவர்’ சப்பென்று இருக்கிறது, ‘போராளி’ என்று போட்டால் சின்னம்மாவே வேண்டாம் என்கிறார். ஒரு காரியத்தை உயிராக நினைத்து அதற்காக நிற்பதைச் சொல்ல வேறு என்ன சொல் இருக்கிறது, எதை எங்கே போடலாம் என்பது கேள்வி.

தம்பி, நான் ராமநாதபுரத்தில் மனு எழுதிக் கொடுக்கிறவன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். புலவர்கள் மாதிரி வரிசையாகப் பொருள் பிரித்துச் சொல்ல எனக்கு வராது. ஆனால் அடுத்தவருக்காகப் பேச வருகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன், அவர்களைப் பற்றி வரிசையில் நிற்கிற மற்றவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, அதை வைத்துச் சொல்கிறேன். சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இருக்கிற சொற்களில் பாதிக்கு மேல் இரண்டு முகம் கொண்டவை, வாழ்த்தவும் செய்யும், காலை வாரவும் செய்யும். இன்னொன்று, இந்த வேகத்தை நம்ம மொழி பட்டப்பெயரில் வைக்காமல் வினைச்சொல்லில் வைத்திருக்கிறது. ‘இவர் ஒரு இன்னார்’ என்று எழுதப் போனால் வறண்டுவிடும், ‘இவர் இன்னது செய்தார்’ என்று எழுதினால் ஆள் கண்ணுக்குத் தெரிவார்.

முதலில் ‘குரல் கொடுத்தல்’. உங்கள் அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. “வந்தா வாசல்ல நின்னு ஒரு குரல் குடு, கதவைத் தொறக்கிறேன்” என்பதுதான் நம்ம பக்கம் அந்தச் சொல்லுக்கு அன்றாடப் பொருள். பத்திரிகைகள் அதைச் சட்டமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், மாநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், இப்போது ஒரு அறிக்கை விட்டவரும் குரல் கொடுத்தவர், ஒரு நிமிட வீடியோ போட்டவரும் குரல் கொடுத்தவர் என்று ஆகிவிட்டது. சொல்லில் தப்பில்லை, தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். பேச ஆளே இல்லாத இடத்தில் ஒருவர் எழுந்து பேசியதைச் சொல்லும்போது மட்டும் இன்னும் அதற்குக் கனம் இருக்கிறது. உங்கள் ஊர் விசயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்பிருந்தே தீவைச் சுற்றி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்கிற கடற்பாசிகளை எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த பெண்கள், அதன் பிறகு சட்டத்தின் கண்ணில் அத்துமீறி நுழைகிறவர்கள் ஆனார்கள். மீனவர் என்றாலே படகு வைத்திருக்கிற ஆம்பளை என்று நினைக்கும் ஒரு கூட்டத்தில், “நாங்களும் கடல் வேலைதானே பார்க்கிறோம், எங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பீங்க?” என்று ஒரு பெண் எழுந்து கேட்டால் அது குரல் கொடுத்தல்தான். அப்படி எழுத நினைத்தால் எந்தக் கூட்டம், யார் எதிரில், என்ன கேட்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை விட்டுவிட்டுக் ‘குரல் கொடுத்தவர்’ என்று மட்டும் போட்டால் டப்பிங்தான்.

அடுத்தது இடுப்பிலும் கையிலும் கட்டுகிற சொற்கள். வரிந்து கட்டுதல் என்றால் வேட்டியையோ சேலையையோ இழுத்து இறுக்கிக் கட்டுவது. கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள், கைலியை மடித்து இறுக்கிக் கட்டாமல் கயிற்றில் கை வைக்க மாட்டார்கள். வேலையில் இறங்கிவிட்டார் என்பதுதான் அதன் மூலப்பொருள், அதில் கேலியே கிடையாது. “ஊருக்குத் தண்ணி வரணும்னு வரிஞ்சு கட்டி நின்னாரு” என்றால் பாராட்டு. அதே சொல்லில் ஒரு ‘கொண்டு’ சேர்ந்து, வாலில் ‘வந்துவிட்டார்’ ஒட்டினால் கதையே மாறிவிடும். “சம்மாட்டியை (படகு முதலாளியை) ஒரு வார்த்தை சொன்னா இவரு வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்துட்டாரு” என்றால் உனக்கென்ன வந்தது என்று அர்த்தம். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ‘கொடி பிடித்தார்’ பரவாயில்லை, ‘கொடி பிடித்துக்கொண்டு திரிகிறார்’ கேலி. ‘மல்லுக்கட்டினார்’ பரவாயில்லை, ‘மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்கிறார்’ சலிப்பு. கொண்டு, திரி, அலை, கிட, கிளம்பு என்ற இந்த வால்களில் ஏதாவது ஒன்று ஒட்டினால் மரியாதை இறங்கிவிடும். அதிலும் நிகழ்காலத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் ‘ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்’ என்று தனி வினையாக, இறந்த காலத்தில் எழுதினால் அதில் கேலி இல்லை, கால்வலிதான் தெரியும். அதனால்தான் மேலே உங்கள் சின்னம்மாவைப் பற்றி அப்படிச் சொன்னேன்.

கங்கணத்துக்கு நடந்தது இன்னும் மோசம். ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டினால், அதை அவிழ்க்கிற வரைக்கும் கட்டியவர் ஊர் எல்லை தாண்டிப் போய்த் தங்கக் கூடாது, விரதம் இருக்க வேண்டும், நல்லது கெட்டது எதுவானாலும் திருவிழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம். எடுத்த காரியம் முடியும்வரை வேறு வேலை இல்லை என்பதற்குக் கையில் மஞ்சள் துண்டோடு ஒரு நூல் சாட்சி. ஒரு காரியத்துக்காக நிற்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது. ஆனால் அதுவே கங்கணம் என்ற பெயரில் அரசியல் மேடை ஏறியபோது ‘எங்களை ஒழிக்கக் கங்கணம் கட்டிக்கொண்டு’ என்று ஆகிவிட்டது. இன்றைக்குக் கங்கணம் கட்டுகிறவர் கெடுப்பதற்குத்தான் கட்டுவார். சரி, காப்பு என்றே எழுதலாமே என்றால் பத்திரிகைகளில் அது போலீஸ் மாட்டுகிற விலங்கு. உங்கள் மடலில் இரண்டையுமே நான் போட மாட்டேன்.

வக்காலத்து வாங்குதல் என்ற சொல்லைப் பலரும் திட்டாகவே நினைக்கிறார்கள். வக்கீல், வக்காலத்து இரண்டும் அரபியிலிருந்து உருது வழியாக வந்து கோர்ட்டில் நிலைத்த சொற்கள், ஒரே வேர். “என் சார்பில் இவர் பேசலாம்” என்று கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதம்தான் வக்காலத்து. கோர்ட்டு வாசலில் “வக்காலத்துல கையெழுத்துப் போட்டாச்சா?” என்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது. வெளியே “நீ என்ன அவனுக்கு வக்காலத்தா?” என்று கேட்டால் சண்டை. ஏனென்றால் அந்தக் காகிதம் உன்னிடம் இல்லை, உன்னை யாரும் பேசச் சொல்லவில்லை என்பதுதான் குத்தல். எதிராளி என்ன தப்புச் செய்தான் என்பது அந்தக் கேள்வியில் இல்லவே இல்லை, பேச உனக்கு என்ன உரிமை என்பதுதான் இருக்கிறது. பொதுக் காரியத்துக்காக நிற்கிற எல்லோரும் ஒரு நாளாவது இந்தக் கேள்வியை வாங்கியிருப்பார்கள். சின்னம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

பரிந்து பேசுதல் கொஞ்சம் மென்மையானது. பரிவும் அதுவும் ஒரே வேர், சிபாரிசு என்ற பாரசீகச் சொல்லுக்குப் பதிலாக நாம் இப்போது எழுதும் பரிந்துரையும் அங்கிருந்துதான் வந்தது. நல்ல சொல்தான், ஆனால் அதில் ஒரு மேடு பள்ளம் இருக்கிறது. மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவருக்காகத்தான் பரிந்து பேசுவார். தாசில்தாரிடம் ஊராட்சித் தலைவர் பரிந்து பேசலாம். உங்கள் சின்னம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு அதே கடலில் முங்கி எழுந்தவர், தன் கூட்டத்துக்கே அவர் எப்படிப் பரிவார்? வெளியிலிருந்து வந்து உதவிய டாக்டருக்கோ டீச்சருக்கோ அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டுக் கொடுத்தல், ஒத்து ஊதுதல், ஜால்ரா, சப்பைக்கட்டு எல்லாம் கட்சிக்காகவும் ஆளுக்காகவும் பேசுகிறவர்களைப் பற்றியவை. ஒரு காரியத்துக்காகப் பேசுகிறவரிடம் யாரும் ‘ஒத்து ஊதுகிறாய்’ என்று சொல்வதில்லை. இவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

இந்த மொத்த விசயத்திலும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வேற்றுமை உருபில் இருக்கிறது. ‘அவளைப் பேசினான்’ என்றால் நம்ம பக்கம் திட்டினான் என்று பொருள், இடத்தைப் பொறுத்துக் கல்யாணம் பேசினான் என்றும் ஆகும். ‘அவளிடம் பேசினான்’ வெறும் பேச்சு. ‘அவள் பக்கம் பேசினான்’ என்றால் நடுநிலை தவறிவிட்டான் என்று ஒரு புகார் ஒட்டிக்கொள்ளும். ‘அவளுக்குப் பேசினான்’ என்று ஒரே ஒரு ‘கு’ போடுங்கள், அவளுக்காக நின்றான் என்று ஆகிவிடுகிறது. கீழக்கரையில் ஒரு அம்மா மனு எழுத வந்தவர், தன் அண்ணனைப் பற்றிச் சொன்னது: “எங்க காக்கா ஊருக்கெல்லாம் பேசுவாக, வூட்டுக்குன்னு ஒரு வார்த்தை பேச மாட்டாக.” அடைமொழி எதுவும் இல்லை, பட்டம் இல்லை, ஆள் எப்படிப்பட்டவர் என்பது முழுசாக வந்துவிட்டது. எழுத்தில் ‘பெண்களுக்காகப் பேசினார்’ என்று ‘காக’ போட்டு எழுதத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் விழாவில் மைக்கில் வாசிக்கும்போது ‘இவர் நமக்குப் பேசியவர்’ என்று சொன்னால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிமாருக்கும் அது நேராகப் போய்ச் சேரும்.

பட்டப்பெயர்களுக்கு வருவோம். போராளி வேண்டாம் என்று சின்னம்மா சொன்னதில் விசயம் இருக்கிறது. சென்னையில் அது சுவரொட்டிச் சொல், இணையத்தில் கிண்டல் சொல், நம்ம கடற்கரையில் அதற்கு வேறு வரலாறு. 1983க்குப் பிறகு படகு படகாக அகதிகள் ராமேஸ்வரத்திலும் தனுஷ்கோடியிலும் வந்து இறங்கியதைப் பார்த்த தலைமுறை, மண்டபம் முகாமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிற தலைமுறை, போராளி என்று கேட்டால் துப்பாக்கியைத்தான் நினைக்கும். அதேபோல் ‘தீவிரமாகப் பாடுபட்டார்’ என்பது நல்ல தமிழ், ஆனால் அந்த ‘தீவிர’ பெயர்ச்சொல்லாகி ஒரு ‘வாதி’ சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செயற்பாட்டாளர் ஈழத்து எழுத்து வழியாக இங்கே பரவிய சொல், கட்டுரைக்குச் சரி, மடலில் மரம் மாதிரி நிற்கும். ‘இயற்கைக் காவலர்’ என்று போட்டால் ஏட்டையாவா என்று கேட்பார்கள். ஆதரவாளர் என்ற சொல்லைச் செய்தித்தாளில் எப்போது பார்க்கிறோம்? ‘இன்னாரின் ஆதரவாளர்களுக்கும் அன்னாரின் ஆதரவாளர்களுக்கும் தள்ளுமுள்ளு’ என்ற இடத்தில்தான்.

ஆர்வலர் பாவப்பட்ட சொல். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்ற குறளில் அடுத்து வருவது ‘ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’. அங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர், நேசிப்பவரின் துன்பம் கண்டால் அவர் கண்ணீரே ஊரறியச் சொல்லிவிடும் என்கிறார் வள்ளுவர். ஒருவர் துன்பத்துக்காக இன்னொருவர் கலங்கி நிற்பதற்கு இரண்டாயிரம் வருசத்துக்குப் பக்கமாகக் கையில் இருக்கிற சொல் இது. இன்று ‘சமூக ஆர்வலர்’ என்று டி.வி. விவாதத்தில் பெயருக்குக் கீழே ஓடுகிறது, வேறு எந்தப் பதவியும் இல்லாதவருக்குப் போடுகிற ஒட்டு. பட்டம் கட்டாயம் வேண்டும் என்றால் தலைவி என்றே போடுங்கள். நம்ம மாவட்டத்துப் பாசி எடுக்கும் பெண்களின் தலைவியான லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது, அப்போதும் தலைவி என்ற சொல் அவருக்குப் போதுமானதாகத்தான் இருந்தது.

இன்னொரு வகை மனிதர்கள் உண்டு, வாயைத் திறக்காமல் கையைத் திறக்கிறவர்கள். அவர்களுக்குத் தமிழில் புரவலர் என்று தனிச் சொல்லே இருக்கிறது, புரத்தல் என்றால் காத்தல். அதற்கு ராமநாதபுரம் சீமை மாதிரி உதாரணம் கொடுக்கிற இடம் குறைவு. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுவதற்குக் காரணமாக நின்ற கீழக்கரைச் சீதக்காதி, ‘செத்தும் கொடை கொடுத்தான்’ என்று பழமொழியாகவே ஆகிவிட்டவர். விவேகானந்தர் 1893இல் சிகாகோ போவதற்குத் தூண்டுதலாகவும் துணையாகவும் இருந்தவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் திரும்பி வந்து 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கால் வைத்தபோது எதிர்கொண்டு வரவேற்றவரும் அவர்தான். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் பக்கபலமாக நின்றார். இவர்களைக் ‘குரல் கொடுத்தவர்’ என்று எழுதினால் தப்பு. கை கொடுத்தார், தோள் கொடுத்தார், பக்கபலமாக நின்றார், பின்னால் நின்றார் என்பவைதான் இவர்களுக்குப் பொருந்தும். விழாச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்களையும் மடலில் சேர்க்கச் சொல்லி உங்களை நெருக்குவார்கள் இல்லையா, அப்போது இந்த வரிசையில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி என் தொழில் பக்கம். மனுவில் ஒரு படிக்கட்டு உண்டு. வேண்டுகிறேன், கேட்டுக்கொள்கிறேன், கோருகிறேன், வலியுறுத்துகிறேன், இப்படி ஏறிப் போகும். இதில் எதைப் போடுவது என்பது கோபத்தைப் பொறுத்தது என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள், என்னைக் கேட்டால் அது உரிமையைப் பொறுத்தது. முதியோர் பென்சன் இன்னும் வரவில்லை, கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள் என்பதற்குக் ‘கேட்டுக்கொள்கிறேன்’ போதும். ஆனால் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை நாட்டுப்படகுக்கு உரியது என்று தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறபோது, அதற்குள் விசைப்படகு வந்து வலையை அறுத்துப்போட்டால் ‘பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று நான் எழுத மாட்டேன். ‘சட்டத்தை நடைமுறைப்படுத்த வலியுறுத்துகிறோம்’ என்றுதான் எழுதுவேன். இருக்கிற உரிமையைப் பிச்சை மாதிரிக் கேட்டு எழுதினால் அதிகாரியும் அப்படித்தான் வாசிப்பார்.

விண்ணப்பம் என்ற சொல்லும் நம்ம மண்ணில் பழையது. உத்தரகோசமங்கையில் மாணிக்கவாசகர் பாடியது நீத்தல் விண்ணப்பம், ‘என்னை விட்டுவிடாதே’ என்று 50 பாட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அது தனக்காகப் போட்ட மனு. அடுத்தவருக்காகப் போடுகிற மனுவுக்கு மன்றாட்டு என்ற சொல்லைச் சொல்லலாம். மன்றத்தில் நின்று வாதாடுவதுதான் பழைய மன்றாடுதல், பிறகு கெஞ்சுவது என்று குறுகிவிட்டது. ஆனால் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துத் தேவாலயங்களில் ஊருக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக, சிறையில் இருக்கிற மீனவர்களுக்காக வேண்டுகிறபோது அது மன்றாட்டுதான். அங்கே அந்தச் சொல்லுக்கு இன்னும் முதுகெலும்பு இருக்கிறது. உங்கள் ஊர் அந்தப் பழக்கமுள்ள ஊராக இருந்தால் ‘எங்களுக்காக மன்றாடியவர்’ என்று தைரியமாக எழுதலாம், இல்லாவிட்டால் கெஞ்சியவர் என்று ஆகிவிடும்.

கோர்ட்டு வரை போனவருக்கு ‘வழக்காடினார்’ என்று நேராகப் போடலாம். கடற்கரையை அரித்த இறால் பண்ணைகளை எதிர்த்துக் காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது, அந்த வழக்கே அவர் பெயரில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல ‘சமூக நீதிக்காக அயராது குரல் கொடுத்தவர்’ என்று எழுதுவதைவிட ‘இறால் பண்ணைகளை எதிர்த்து டெல்லி வரை போய் வழக்காடினார்’ என்று எழுதினால் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது பாருங்கள்.

ஆனால் நான் கேட்டதிலேயே நல்ல சொற்கள் புகார் மாதிரி வந்தவைதான். பாசி எடுக்கிற அம்மா ஒருவர் மனு எழுத வந்தார். பாறையிலும் பவளத்திலும் உரசி உரசி அவர் விரல் நுனிகள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன, அங்கங்கே சுற்றிய துணி கூட ஈரம் காயாமல் இருந்தது. ரேசன் கடை மெசினில் ரேகை விழவில்லை என்பதுதான் மனு. அவருக்கு மட்டும்தான் என்று நினைத்து எழுத ஆரம்பித்தேன், அவர் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார், அதில் ஊரில் அதே கஷ்டம் உள்ள மற்றப் பெண்களின் பெயரும் கார்டு நம்பரும். எல்லாப் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டு, தன் பெயரைக் கடைசியில் போடச் சொன்னார். கூட வந்திருந்த இன்னொரு அம்மா அலுத்துக்கொண்டார்: “இதுக்கு வேற சோலி இல்லைங்க, ஊரு கஷ்டத்தையெல்லாம் இழுத்துத் தலையில போட்டுக்கும்.” கையெழுத்து வைக்கிற இடத்தில் மை தொட்டுப் பெருவிரலை அழுத்தினால் அங்கேயும் ரேகை இல்லை, ஒரு கறுப்பு வட்டம்தான் விழுந்தது. ‘இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளுதல்’, இதில் ‘கொள்’ இருக்கிறதே, மரியாதை இறங்குமே என்று கேட்கலாம். இறங்கத்தான் செய்கிறது, ஆனால் வீட்டு மனுசர்கள் பெருமையை இப்படி அலுப்பில் சுற்றித்தான் சொல்வார்கள். ‘ஒத்தக் கால்ல நின்னுச்சு’, ‘விட்டேனா பார்னு நின்னுச்சு’, ‘சொன்னாக் கேக்குதா’ எல்லாம் இந்த ரகம். மடலில் இவற்றை மேற்கோளாகப் போடுங்கள், நீங்கள் சொல்வதாக எழுதாதீர்கள், ஊரில் யாரோ சொன்னதாக எழுதினால் கை தட்டுவார்கள்.

கொஞ்சம் இலக்கியமாகவும் ஒரு வரி வேண்டும் என்று தலைமையாசிரியர் யாராவது கேட்டால், புறநானூற்று 182ஆம் பாட்டில் ஒரு தொடர் இருக்கிறது. இந்த உலகம் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டு, தமக்கென முயலாமல் ‘பிறர்க்கென முயலுநர்’ இருப்பதால்தான் என்று முடிகிற பாட்டு. பாடியவர் பெயரைக் கவனியுங்கள், கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடலில் போனவர் எழுதிய வரியைக் கடல் வேலை பார்க்கிற பெண்ணுக்கு வைப்பது பொருத்தம்தான். முயலுநர் என்பதில் ஜெயித்தார் என்ற பேச்சே இல்லை, முயன்றார் என்பதுதான் இருக்கிறது. சின்னம்மா கேட்டதில் பாதி இன்னும் கிடைத்திருக்காது, எனக்குத் தெரியும், அதனால் ‘வென்றெடுத்தவர்’, ‘சாதித்தவர்’ என்றெல்லாம் எழுதினால் அவருக்கே கூச்சமாக இருக்கும்.

மொத்தத்தில் நான் எழுதினால் மடலின் நடுப்பகுதி இந்த மாதிரி இருக்கும், விவரத்தை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்: “பாசி எடுக்கிற பெண்களையும் கடல் தொழிலாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் எழுந்து கேட்டவர். மனுவில் தன் பெயரைக் கடைசியில் எழுதச் சொன்னவர். வேலைக்குப் போகாத நாளில் ஆபீஸுக்குப் போனார், ஆபீஸுக்குப் போன நாளில் கூலியை விட்டார். ‘உனக்கு எதுக்கு இந்த வம்பு?’ என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து மனுப் போட்டவர். இவர் நமக்குப் பேசியவர்.” இதில் ‘அயராது’, ‘ஓயாது’, ‘தன்னலமற்ற’ எதுவும் இல்லை, தேவையும் இல்லை. ஒவ்வொரு வரியும் நடந்ததாக இருக்க வேண்டும், நடக்காததை எழுதினால் முன்வரிசையிலேயே சிரிப்பு வந்துவிடும்.

மடலை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் சின்னம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், எந்த வரியில் முகம் சுளிக்கிறார் என்று பார்த்து அதை எடுத்துவிடுங்கள். அப்புறம் ‘அன்னார்’ என்று எங்கேயும் போட்டுவிடாதீர்கள் தம்பி. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்த கடற்கரை இது, பாட்டிமார் பதறிப் போவார்கள்.